நிமிடத்துக்கு இருபது மூச்சு

ஐ.சி.யு.வில் வேலை பார்க்கும் நர்சுகளுக்கு இருபது என்ற எண் மேல் தனிப் பிரியம் உண்டு. நோயாளி நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று எழுத சார்ட்டில் ஒரு கட்டம் இருக்கும். பதினெட்டு என்று எழுதினால், "நல்லாத்தானே இருக்கார், வார்டுக்கு அனுப்புங்க" என்பார் டாக்டர். இருபத்தாறு என்று எழுதினால், எப்போதிலிருந்து, ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று குடைந்து எடுத்துவிடுவார். இருபது யாரையும் தொந்தரவு செய்யாத எண். ஐந்து படுக்கை, ஆறு மணி நேர டியூட்டி, மணிக்கொரு தடவை, ஆக முப்பது கட்டம். ஜெபசீலி பதினோரு வருஷமாக அந்த முப்பது கட்டத்திலும் இருபது எழுதி வந்தாள். இதைப் பொய் என்று அவள் நினைத்ததே இல்லை. கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல ஒரு வேலை, அவ்வளவுதான்.

நெஞ்சில் கை வைத்துச் சொன்னால், எண்ணுவதற்கு நேரமும் கிடையாது. புகைக் காய்ச்சல் வந்த இரண்டு வருஷத்தில் ஊரில் பாதிப் பேருக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. வென்டிலேட்டருக்கு அடிதடி, சிபாரிசு, கோர்ட் கேஸ் என்று எல்லாம் நடந்து முடிந்த பிறகு, அரசாங்கம் வென்டிலேட்டர்களை எல்லாம் ஒரே பூட்டில் போட்டது. பூட்டின் சாவி 'நிதானம்' என்ற கணினியிடம். ஒவ்வொரு நோயாளியின் தலைமாட்டிலும் அதன் சின்னத் திரை உண்டு. அது இரண்டே வார்த்தைதான் காட்டும். 'பொறுக்கலாம்' என்றால் மூக்குக் குழாய் வழியாக வரும் வேகக் காற்றிலேயே நோயாளி இருக்கட்டும் என்று அர்த்தம். 'குழாய்' என்றால் தொண்டைக்குள் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் போடு என்று அர்த்தம். அந்த வார்த்தை வந்தால்தான் வென்டிலேட்டரின் பூட்டும் மயக்க மருந்துப் பெட்டியின் பூட்டும் திறக்கும்.

வேகக் காற்றுக் கருவியை வார்டில் 'ஹை ஃப்ளோ' என்பார்கள். நிமிடத்துக்கு அறுபது லிட்டர் வரை, வெதுவெதுப்பாக, ஈரமாக, ஆக்ஸிஜனை மூக்குக்குள் தள்ளும். மூக்கோரம் புண்ணாகும், சிலருக்கு வயிறு உப்பும். அதெல்லாம் சில்லறைத் தொல்லை. பெரிய தொல்லை அது தரும் சுகம். மூச்சு முட்டுகிற வேதனையை அது எடுத்துவிடும். மூச்சு முட்டுவதை எடுக்காது. உள்ளே நுரையீரல் கைவிட்டுக்கொண்டிருக்க, ஆள் சிரித்துக்கொண்டு டீ கேட்பார். அப்படிச் சிரித்தவர்களுக்குக் குழாய் இறக்கத் தாமதமாகி, சிரித்த அன்றே போய்ச் சேர்ந்த கதைகள் நிறைய. சரியான நேரத்தைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் நிதானத்தைக் கொண்டுவந்தார்கள்.

அன்று ஜெபசீலிக்கு மத்தியான டியூட்டி. ஆறு முதல் பத்து வரை அவள் பக்கம். இடது பக்கத்து ஐந்தை இன்னொரு நர்ஸ் பார்த்துக்கொண்டாள். முந்தின வாரம் முழுக்க இரண்டு டியூட்டி சேர்த்துப் பார்த்ததில் ஜெபசீலிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வந்ததும் வராததுமாகப் பேனாவை எடுத்து, ஒரு மணிக்கான கட்டங்களில் ஐந்து இருபதுகளைப் போட்டுவிட்டு, ஆறாம் படுக்கை வெள்ளத்துரையின் மூக்குப் புண்ணுக்கு மருந்து போடப் போனாள்.

வெள்ளத்துரை தீப்பெட்டி லோடு ஏற்றும் லாரி டிரைவர். ஐம்பது வயசு. மூன்று நாளாக ஹை ஃப்ளோவில் இருக்கிறார். வார்டிலேயே கலகலப்பான ஆள் அவர்தான்.

"எப்படி இருக்கீக அண்ணாச்சி?"

"எனக்கென்ன சிஸ்டர்... ஏசி காத்து... ஓசில வருது. லாரிலகூட... இந்தக் காத்து... கிடையாது."

ஜெபசீலி சிரிக்கவில்லை. நேற்று இதே ஆள் ஒரே மூச்சில் மதுரை வரைக்கும் கதை சொன்னார். இன்று இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை வாயைத் திறந்து காற்றைக் கவ்வுகிறார். மருந்து போடக் குனிந்தபோது அவருடைய காறை எலும்புக்கு மேலிருந்த குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வருவது பக்கத்தில் தெரிந்தது. பார்க்காத மாதிரி போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவ்வளவு அசதி. பிறகு தன் மேலேயே எரிச்சல்பட்டுக்கொண்டு கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்து எண்ணினாள். முழுசாக ஒரு நிமிடம். முப்பத்தெட்டு. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினாள். முப்பத்தொன்பது.

சற்று முன் போட்ட இருபதை அடித்துவிட்டு, திரையில் முப்பத்தெட்டு என்று பதிந்து கட்டைவிரலை வைத்தாள். திரை ஒரு நொடி யோசித்தது. பொறுக்கலாம் என்றது.

டியூட்டி டாக்டர் நவ்ஷாதுக்கு இருபத்தெட்டு வயசு. முப்பது மணி நேரமாகத் தூங்காதவர். வந்து படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆக்ஸிஜன் சாச்சுரேஷன் தொண்ணூத்திரண்டு இருக்கு. பேசுறார். நிதானமும் பொறுக்கலாம்னு சொல்லுது. என்ன சிஸ்டர் பிரச்சினை?"

"மூச்சு முப்பத்தெட்டு இருக்கு டாக்டர். நான் பதிஞ்சும் அது மாறல."

"நீங்களே எண்ணினீங்களா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எண்பது சதவீத ஆக்ஸிஜன் ஓடுது. மூச்சு இருபதுன்னா ஆளு பாஸ். முப்பத்தெட்டுன்னா ஃபெயில். எல்லாமே அந்த ஒரு நம்பர்லதான் நிக்குது. ஏன் எடுத்துக்கல?"

கேள்வியை நிதானத்திடமே கேட்டார். அது பெண் குரலில், செய்தி வாசிக்கிற தமிழில் பேசும்.

"நோயாளி வாயைத் திறந்து சுவாசிப்பதால் மூக்குக் குழாய் வழியாக என்னால் மூச்சை அளக்க முடியவில்லை. ஆகவே பதிவாகும் எண்ணையே நம்ப வேண்டியுள்ளது. பழைய சார்ட்டுகளையும் சேர்த்து, நர்ஸ் ஜெபசீலி இதுவரை தொண்ணூற்று ஓராயிரத்து நானூறு முறை பதிந்துள்ளார். அவற்றில் எண்பத்தொன்பதாயிரத்து அறுநூற்று இரண்டு முறை இருபது என்று பதிந்துள்ளார். இவர் தரும் எண்ணிலிருந்து எதையும் அறிய முடியாது. எனவே இவர் பதிவுக்கு நான் எடை கொடுப்பதில்லை."

ஜெபசீலிக்குக் காது சூடானது. இவ்வளவு காலமும் அது பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"அப்ப எந்த நம்பரை வச்சுக் கணக்குப் போடுறே?" என்றார் நவ்ஷாத்.

"நம்பத்தகுந்த எண் இல்லாதபோது இந்தப் பிரிவின் சராசரியை எடுத்துக்கொள்வேன்."

"சராசரி எவ்வளவு?"

"இருபது."

நவ்ஷாத் சிரித்துவிட்டார். தூக்கமில்லாதவர்கள் சிரிக்கும் சிரிப்பு. சிரித்து முடித்துத் தானே எண்ணினார். நாற்பது. பதிந்தார். பொறுக்கலாம்.

"மருத்துவர் நவ்ஷாதின் பதிவுகள் நர்சுகளின் பதிவுகளை அப்படியே ஒத்திருக்கின்றன," என்றது நிதானம்.

"அவங்க சார்ட்டைப் பாத்து எழுதினதுதான்," என்று நவ்ஷாத் முணுமுணுத்தார். பிறகு நிதானத்தின் தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டார். புகாரை எழுத்தில் தரும்படியும் இருபத்து நான்கு மணி நேரத்தில் பதில் வரும் என்றும் அங்கிருந்து சொன்னார்கள். இடது பக்கத்து நர்சைக் கூப்பிட்டுப் பதியச் சொன்னார். அவளுக்கும் எடை இல்லை. அந்தக் கட்டடத்தில் வெள்ளை கோட்டு போட்ட ஒருவருக்கும் எடை இல்லை.

"கேமரா இருந்தப்பவாவது அது நேரா நெஞ்சைப் பாக்கும்," என்றாள் ஜெபசீலி. "அந்தரங்கம் போச்சுன்னு கேஸ் போட்டுக் கழட்டிட்டாங்க."

"யார் பதிஞ்சாத்தான் நம்புவே?" என்று நவ்ஷாத் திரையைப் பார்த்துக் கேட்டார். அதட்டுவது போலத் தொடங்கி, கெஞ்சுவது போல முடிந்தது.

"விதிப்படி, பாஸ் வழங்கப்பட்ட உறவினர் எண்ணிப் பதியலாம். இதற்கு முன் எதுவும் பதியாதவராக இருந்தால் முழு எடை தருவேன்."

வெள்ளத்துரையின் மனைவி கோமதி வெளியே வராண்டாவில் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் பாஸ் தொங்கியது. ஜெபசீலி கதவைத் திறந்து கூப்பிட்டதும் முகம் வெளுத்து எழுந்து வந்தாள்.

"அவுகளுக்கு ஒண்ணும் இல்லையே சிஸ்டர்?"

"ஒண்ணும் இல்ல. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. அவுக மூச்சை நீங்க எண்ணிச் சொல்லணும், அவ்வளவுதான்."

இப்படிச் சொன்னது தப்பு என்று சொல்லும்போதே ஜெபசீலிக்குத் தெரிந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கோமதிக்குத் தீப்பெட்டி ஆபீசில் பண்டல் எண்ணுகிற வேலை. எண்ணுவதில் அவள் பிழை விட்டதில்லை. கணவனின் நெஞ்சருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, உதடு அசைய எண்ணத் தொடங்கினாள். வெள்ளத்துரை அவளைப் பார்த்து என்னவோ கேலி பேச வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை. முப்பதைத் தாண்டியபோது அவள் குரல் கேட்கத் தொடங்கியது. நாற்பத்தொன்றில், நிமிடம் முடிந்தது என்று நவ்ஷாத் கையை உயர்த்தினார்.

"நாப்பத்தொண்ணு," என்றாள். கண்ணில் நீர் முட்டி நின்றது. "இது அதிகந்தானே சிஸ்டர்? ஏன் என்கிட்ட ஒண்ணும் இல்லன்னீக?"

கட்டைவிரலை வைத்தாள். குழாய் என்றது திரை. ஜெபசீலி வெள்ளத்துரையை முதலில் பார்த்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் உதட்டோரம் நீலம் ஏறியிருந்தது.

மருந்துப் பெட்டியின் பூட்டு திறப்பதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அது திறக்கவில்லை. அதற்குப் பதிலாக நிதானம் பேசியது.

"நம்பத்தகுந்த எண்ணிக்கையாளர் கிடைத்துள்ளார். இந்தப் பிரிவில் தற்போது ஒரு வென்டிலேட்டர் மட்டுமே உள்ளது. ஆறு முதல் பத்து வரையுள்ள மற்ற நோயாளிகளையும் இவரே எண்ணிப் பதிந்தால், யாருக்கு முதலில் என்று முடிவு செய்வேன். இரண்டாவது நபருக்குத் தேவை என்று தெரிந்தால் பக்கத்து ஊரிலிருந்து வேனில் இன்னொன்று கிளம்பும். வந்து சேர இரண்டு மணி நேரமாகும்."

கோமதி படித்தவள் இல்லை. ஆனால் 'ஒன்று மட்டுமே' என்பதைப் புரிந்துகொள்ளப் படிப்பு தேவையில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று மற்ற நான்கு படுக்கைகளையும் பார்த்தாள். ஒன்பதாம் படுக்கையில் திலகா என்ற பெண், நில அளவைத் துறையில் சர்வேயர், இருபத்தொன்பது வயசு. விடுதியில் தங்கி வேலை பார்த்தவளை அதன் காப்பாளர் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போயிருந்தார். அவளுக்கென்று வராண்டாவில் யாரும் கிடையாது. அவளுடைய தோள்கள் ஏறி இறங்குவது ஆறாம் படுக்கையிலிருந்தே தெரிந்தது.

"மத்தவுகளுக்கெல்லாம் எவ்வளவு போட்டிருக்கீக சிஸ்டர்?" என்று கோமதி கேட்டாள்.

"இருபது," என்றாள் ஜெபசீலி. "ஆனா அது..."

கோமதி மீதியைக் கேட்கவில்லை. யாரும் தடுக்குமுன் மற்ற நான்கு திரைகளுக்கும் போனாள். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. ஒவ்வொன்றுக்கும் இருபது என்று தட்டினாள். ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலை அழுத்தி வைத்தாள். நிதானம் நான்கையும் நம்பியது.

டக் என்று மருந்துப் பெட்டி திறந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் யோசிக்க நேரமில்லை. நவ்ஷாத் தலைமாட்டுக்கு ஓடினார், ஜெபசீலி ஊசியை ஏற்றினாள். குழாய் இறங்கும்போது வெள்ளத்துரையின் நாடி ஒரு தடவை சரிந்து பிறகு எழுந்தது. கால் மணி நேரத்தில் வென்டிலேட்டர் அவருக்காக மூச்சு விட ஆரம்பித்தது. "இன்னும் அரை மணி தள்ளியிருந்தா கை விட்டுப் போயிருக்கும்," என்று சொல்லிவிட்டு நவ்ஷாத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஜெபசீலி உட்காரவில்லை. ஒன்பதாம் படுக்கைக்குப் போனாள்.

"திலகா, எப்படிம்மா இருக்கு?"

"பரவால்ல... மேடம்."

எண்ணினாள். முப்பத்தாறு. நேற்றிலிருந்தே அந்தப் பெண் பரவாயில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேகக் காற்று அவளையும் அப்படிச் சொல்ல வைத்துக்கொண்டிருந்தது. தலைமாட்டுத் திரையில் பொறுக்கலாம். அதன் கீழே, முன்பு இல்லாத ஒரு வரி: நம்பத்தகுந்த எண்ணிக்கை, இருபது.

கோமதி வராண்டாவின் மூலையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஜெபசீலி அவள் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணுக்கு முப்பத்தாறு இருக்கு கோமதி. நீங்க மாத்திப் பதிஞ்சா வேன் கிளம்பிரும். உங்க வீட்டுக்காரருக்குத்தான் போட்டாச்சே."

"மாத்திப் போட்டா, மொதல்ல போட்டது பொய்யின்னு ஆயிரும்லா?"

ஆமாம் என்று ஜெபசீலி தலையாட்டினாள்.

"அப்ப நான் போட்ட நாப்பத்தொண்ணையும் அது பொய்யின்னுதானே நெனைக்கும்? உங்களை நெனைச்ச மாதிரி?"

அது அப்படித்தான் நினைக்கும் என்று இருவருக்கும் தெரியும். ஒதுக்கீடு செல்லாது என்று சொல்லிவிட்டால் அந்த மெஷினை அது என்ன செய்யும் என்பது யாருக்கும் தெரியாது.

"என்னால முடியாது சிஸ்டர். காலுல வேணா விழுதேன்." நிஜமாகவே குனிந்தாள். ஜெபசீலி பிடித்துக்கொண்டாள். அவள் மேல் கோபப்பட முயன்று பார்த்தாள். வரவில்லை. பிழைக்க ஒரு தடவை இருபது போட்டவள் மேல், சும்மா தொண்ணூறாயிரம் தடவை போட்டவள் எந்த முகத்தோடு கோபப்படுவது?

உள்ளே போய் நவ்ஷாதிடம் சொன்னாள். திலகாவுக்குக் குழாயை இறக்கி, மெஷினுக்குப் பதில் கையால் காற்றுப் பையைப் பிழிந்துகொண்டு நிற்கலாமா என்று கேட்டாள். மருந்துப் பெட்டி மறுபடி பூட்டிக்கொண்டதை அவர் சைகையால் காட்டினார்.

"பெட்டி திறந்தாலும் வேன் கிளம்பாது. எத்தனை மணி நேரம் பிழியறது? பாஸ் இருக்கிற வேற யாராவது வந்து எண்ணினாத்தான் உண்டு சிஸ்டர்."

வராண்டாவில் கோமதி தவிர எட்டுப் பேர் பாஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் உள்ளே ஒரு ஆள் இருந்தார். ஆறாம் படுக்கைக்கு என்னவோ கிடைத்தது என்பது அதற்குள் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எட்டு முகமும் அவள் பக்கம் திரும்பின. ஃபார்மாலிட்டி என்று மறுபடி சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. ஜெபசீலிக்கு அந்த வார்த்தையே அலுத்துப்போயிருந்தது.

"ஒன்பதாம் படுக்கையில ஒரு பொண்ணு இருக்கு. அதுக்கு ஆளில்ல," என்றாள். "யாராவது ஒருத்தர் உள்ள வந்து அதோட மூச்சை எண்ணிப் பதியணும். பதிஞ்சா அடுத்த மெஷின் அதுக்குப் போகும். உங்க ஆளுகளுக்கு வேணும்னா அதுக்கப்புறம்தான். மறைக்காம சொல்லிட்டேன்."

யாரும் அசையவில்லை.

"நாங்க எண்ணிப் போட்டா அது நம்பாது. ஏன்னா நாங்க எண்ணுனதில்ல. சார்ட்டுல இருபது இருபதுன்னு போட்டிருக்கிறது எல்லாமே நாங்க சும்மா எழுதினதுதான். தப்பு எங்க மேலதான்."

சத்தம் போடுவார்கள், அடிக்கக்கூட வருவார்கள் என்று நினைத்தாள். அப்படி நடந்திருந்தால்கூடச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒரு பெரியவர் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டாம் படுக்கைக்காரரின் அப்பா. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கதவருகே வந்தார்.

"நான் வாரேன். அந்தப் புள்ளைக்கு எண்ணுதேன்," என்றார். "அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சிஸ்டர். எம் மவனுக்கும் நாலு நாளா இருபதுன்னுதான் சொல்லுதீக. அவனுக்கு நெசமாவே எவ்வளவு?"

ஜெபசீலி கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றாள். அது அவளுக்குத் தெரியாது.